புது பெயிண்ட் டேங்க்ல ஸ்டிக்கர் ஓரம் தூக்குது, மேல கிளியர் அடிச்சுட்டா நிக்குமா?

2024 ஏப்ரல் 21
வாசகர் கேள்வி: 1992 மாடல் யமஹா ஆர்எக்ஸ் 100 பைக். டேங்க், சைடு பேனல் எல்லாம் புதுசா கருப்பு அடிச்சு வாங்கினேன். ஸ்டிக்கர் செட் நல்ல விலை கொடுத்து வாங்கி பெயிண்டரே ஒட்டிக் கொடுத்தார். மூணு வாரம்தான் ஆகுது, டேங்க் முன்னாடி வால் மாதிரி வர்ற பட்டை ஓரம் தூக்குது, நடுவுல குட்டி குட்டியா பபுளும் வருது. மேல லேக்கர் அடிச்சா அமுங்கிடும்னு பெயிண்டர் சொல்றார். அடிக்கலாமா? இல்ல ஸ்டிக்கரே டூப்ளிகேட்டா?

2024 ஏப்ரல் 21, ராத்திரி
அடிக்காதீங்க. முதல்ல அதைச் சொல்லிடறேன், காரணம் பொறுமையா எழுதறேன்.

தூக்குற ஓரத்து மேல கிளியர் (நிறமில்லாத மேல்பூச்சு, பெயிண்டர் சொல்ற லேக்கரும் அதுல ஒரு வகைதான்) அடிச்சா அந்த இடுக்குல தின்னர் இறங்கி கம்மை இளக்கிடும், இப்ப ஓரம் மட்டும் தூக்குறது அப்புறம் மொத்தமா சுருங்கும். ஸ்டிக்கரைத் திட்டறதுக்கு முன்னாடி அதுக்குக் கீழ என்ன இருக்குன்னு பார்க்கணும். நான் திருச்சில பழைய ரெண்டு ஸ்ட்ரோக் வண்டிகளா எடுத்து சரி பண்றவன், ஸ்டிக்கர் பிரச்சனைன்னு என்கிட்ட வர்றதுல பாதிக்கு மேல பெயிண்ட் பிரச்சனைதான்.

மூணு விஷயம் சொல்லுங்க. அடிச்சது டூகோவா (தின்னர் ஆவியாகிக் காயற சாதா லேக்கர் பெயிண்ட்) பியூவா (ஹார்ட்னர்னு கெட்டியாக்கற திரவம் கலந்து அடிக்கற பாலியூரிதேன் பெயிண்ட்)? அடிச்சு எத்தனை நாள் கழிச்சு ஸ்டிக்கர் ஒட்டினார்? ஒட்டறதுக்கு முன்னாடி எதை வச்சு துடைச்சார்? முதல் கேள்விக்கு பதில் தெரியலன்னா டேங்குக்கு அடிப்பக்கம் சீட்டுக்குக் கீழ மறைஞ்சிருக்கற இடத்துல தின்னர்ல நனைச்ச வெள்ளைத் துணியால லேசா தேய்ச்சுப் பாருங்க. துணில கருப்பு ஏறினா டூகோ. ஒண்ணும் வரலன்னா ஹார்ட்னர் போட்ட பியூ.

2024 ஏப்ரல் 22
அந்த பபுள் பத்தி. பபுள்ல ரெண்டு ஜாதி இருக்கு. ஒட்டும்போதே மாட்டின காத்து, அது முதல் நாளே தெரியும், ஸ்கிராப்பர் இழுத்த திசைல நீளமா இருக்கும். இன்னொண்ணு ஒட்டும்போது வழவழன்னு இருந்துட்டு ஒரு வாரம் பத்து நாள் கழிச்சு வெயில்ல நின்னப்புறம் ஓரத்துக்கு சம்பந்தமே இல்லாம நடுவுல கொப்புளிக்கறது, வட்டமா இருக்கும், மத்தியானம் பெருசாகும் ராத்திரி அமுங்கும். இது பெயிண்ட்ல இருந்து வெளிய வர்ற தின்னர் ஆவி. டூகோ கால் மணி நேரத்துல தொட்டா ஒட்டாது, அதனால காஞ்சிடுச்சுன்னு நினைச்சுடறோம். மேல்தோல்தான் காஞ்சிருக்கும், உள்ள இருக்கற தின்னர் வெளிய வர நாள் கணக்குல ஆகும், கனமா கோட் ஏத்தியிருந்தா வாரக்கணக்குல. அதுக்கு மேல வினைல் (ஸ்டிக்கர் செய்யற பிளாஸ்டிக் ஷீட்) ஒட்டிட்டா ஆவி போக வழி இல்ல, அது கொப்புளமா நிக்கும். சூடு ரூம்ல 60 டிகிரில அரைமணி நேரம் வச்சு எடுக்கற பியூக்கு இந்தத் தொல்லை ரொம்பக் கம்மி, நிழல்ல வச்சு காய விட்ட பியூக்கே ஒரு வாரமாவது விடணும்னுதான் சொல்வேன்.

சந்தேகமா இருந்தா தீப்பெட்டி சைஸ்ல ஒரு துண்டு வினைல் டேங்க்ல ஒட்டி ஒரு பகல் முழுக்க வெயில்ல விடுங்க. சாயங்காலம் அதுல கொப்புளம் இருந்தா செட்டை எடுத்து உள்ள வச்சுட்டு இன்னும் காத்திருங்க. ஒரு துண்டு வேஸ்ட் வினைல் முழு செட்டையும் காப்பாத்தும்.

2024 ஏப்ரல் 22, சாயங்காலம்
டூகோ, ரெண்டாம் நாளே ஒட்டினார், "பளபளன்னு பாலிஷ் போட்டுதான் ஒட்டினார்"னு பதில் வந்திருக்கு. அந்த பாலிஷ்லதான் எனக்கு சந்தேகம். தூக்குற ஓரத்தை நகத்தால இன்னும் ஒரு அரை இன்ச் தூக்கி அடிப்பக்கம் என்ன தெரியுதுன்னு சொல்லுங்க. எப்படியும் அது மாத்த வேண்டிய ஸ்டிக்கர்தான், பயப்படாதீங்க.

கம் பக்கத்துல பார்க்க வேண்டியது இதுதான். மாவு மாதிரி வெள்ளையாவோ சாம்பலாவோ ஏதாவது ஒட்டியிருந்தா அது காம்பவுண்ட் (தேய்ச்சு பாலிஷ் போடற பேஸ்ட்), கம் பெயிண்டைத் தொடவே இல்ல, காம்பவுண்டைத்தான் பிடிச்சிருக்கு. கம் சுத்தமா பளபளன்னு இருந்து பெயிண்டும் சுத்தமா இருந்தா ஸ்டிக்கர் பிலிம் தானா சுருங்கி இழுக்குது. கம்மோட சேர்ந்து கருப்பு பெயிண்ட் தோலா உரிஞ்சு வந்தா ப்ரைமர்லயே (அடிப்பூச்சு) கோளாறு, அப்ப ஸ்டிக்கரைப் பத்திப் பேசறதே வீண், டேங்க் பெயிண்டையே உரிச்சுட்டு திரும்ப அடிக்கணும்.

2024 ஏப்ரல் 23
வெள்ளை மாவுதான். போட்டோல தெளிவா தெரியுது, ஓரம் பூராவும் கோடு கட்டின மாதிரி.

நிறைய காம்பவுண்ட்லயும் டேங்க் பாலிஷ்லயும் மெழுகு இருக்கும், பலதுல சிலிக்கானும் இருக்கும். பளபளப்புல ஒரு பங்கு அதுல இருந்து வருது. ஸ்டிக்கர் கம்முக்கு அது எதிரி. கிளியருக்கு அதைவிட எதிரி, சிலிக்கான் இருக்கற இடத்துல கிளியர் விழுந்தா மீன் கண்ணு மாதிரி குழி குழியா ஒதுங்கி நிக்கும், அதுக்கு மேல எத்தனை கோட் அடிச்சாலும் மூடாது. பெயிண்டர் சொன்னபடி லேக்கர் அடிச்சிருந்தா ஸ்டிக்கரோட டேங்கும் போயிருக்கும்.

பெட்ரோல் போட்டுத் துடைக்கறதும் வேண்டாம். நிறைய பேர் அதைத்தான் பண்றாங்க, காஞ்சதும் சுத்தமான மாதிரி தெரியும், ஆனா மெல்லிசா எண்ணெய்ப் படலம் விட்டுட்டுப் போகும், டூகோவா இருந்தா மேல்தோலையும் இளக்கும். முதல்ல பாத்திரம் கழுவற லிக்விட் போட்டு கழுவி, காய விட்டு, அப்புறம் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் ரெண்டு பங்கு தண்ணி ஒரு பங்கு கலந்து துடைக்கணும். டூகோ மேல அழுத்தித் தேய்க்காம ஒரு தடவை இழுத்தா போதும். கைல ரெண்டு துணி இருக்கணும், ஈரத் துணியால துடைச்ச இடத்தை அது தானா காயறதுக்கு முன்னாடியே காஞ்ச துணியால எடுத்துடணும். தானா காய விட்டா கரைஞ்ச மெழுகு திரும்ப அங்கயே படிஞ்சுடும். மெடிக்கல் ஷாப் ஸ்பிரிட் வாங்கறவங்க லேபிளைப் படிச்சுட்டு வாங்குங்க, சிலதுல தோலுக்காக எண்ணெய் சேர்த்திருப்பாங்க.

2024 ஏப்ரல் 25
ஸ்டிக்கர் டூப்ளிகேட்டான்னு கேட்டீங்களே, அதுக்கு பதில் சொல்லாமலே போயிட்டேன்.

ஒரிஜினல் டூப்ளிகேட்னு பிரிக்கறதை விட பிலிம் எப்படித் தயாரானதுன்னு கேளுங்க. காலண்டர்ட் வினைல்னு ஒண்ணு, பிளாஸ்டிக்கை உருளைகளுக்கு நடுவுல விட்டு சப்பாத்தி மாதிரி தேய்ச்சு இழுக்கறது. இழுத்து செஞ்சதால திரும்ப சுருங்கணும்கற எண்ணம் அதுக்கு உள்ளயே இருக்கும், சூடு பட்டா சுருங்கும். கனம் ஏறக்குறைய 75ல இருந்து 100 மைக்ரான். காஸ்ட் வினைல் இன்னொண்ணு, திரவமா ஊத்தி காய வச்சு எடுக்கறது, இழுப்பு இல்லாததால சுருக்கம் ரொம்பக் கம்மி, 50 மைக்ரான் பக்கத்துலதான் கனம், வளைவுல அப்படியே உக்காரும். கதவு, பெட்டி மாதிரி தட்டையான இடத்துக்கு முதலாவதே தாராளமா போதும். டேங்க் தட்டை இல்ல. ஆர்எக்ஸ் டேங்க்ல முன்னாடி ஹேண்டில்பார் பக்கம் போற இடத்துல மேல இருந்து கீழயும் வளையுது, பக்கத்துல இருந்து உள்ளயும் வளையுது, ரெண்டு வளைவும் சேர்ற அந்த இடத்துலதான் பட்டையோட வால் வந்து முடியும். உங்களுக்குத் தூக்குறதும் அங்கதான். காம்பவுண்ட் ஒரு காரணம், வளைவு இன்னொரு காரணம்.

கடைல நின்னே பார்க்க ஒரு வழி: வேஸ்ட் துண்டு ஒண்ணு கேட்டு வாங்கி லேசா சூடு காட்டி விரலால ஒரு உருண்டையான பொருள் மேல இழுத்து உக்கார வச்சுட்டு, ஆறினப்புறம் மறுபடி சூடு காட்டுங்க. சட்டுனு ஓரம் பின்வாங்கினா டேங்க்குக்கு வேண்டாம்.

ரேடியம் கடைல வெட்டிக் கொடுக்கற ஒளிரும் ஷீட் டேங்க் வளைவுக்கு சுத்தமா ஆகாது. உள்ள கண்ணாடி மணி இருக்கறதால கனம், வளையாது. மட்கார்டு நுனி, நம்பர் பிளேட் பக்கம்னா சரி.

2024 ஏப்ரல் 28
எப்படி ஒட்டறதுன்னு இன்னும் ரெண்டு மூணு பேர் கேட்டிருக்கீங்க. நான் பண்றதை எழுதறேன், ஆளுக்கு ஆள் கை மாறும்.

பழைய பெயிண்டை இறக்கறதுக்கு முன்னாடியே வேலை ஆரம்பிக்குது. பழைய ஸ்டிக்கர் டேங்க்ல இருக்கும்போதே பட்டர் பேப்பர் வச்சு டேங்க் அடி மடிப்பு, மூடி, முன் நுனி எல்லாத்தையும் சேர்த்து பென்சிலால படி எடுத்து வச்சுக்கங்க, இடது தனி வலது தனி. போட்டோ மட்டும் எடுத்தா பத்தாது, வளைவுல போட்டோ ஏமாத்தும். இதைச் செய்யாம இறக்கிட்டா அப்புறம் ஊர்ல இருக்கற ஆர்எக்ஸ்காரங்க வீட்டு வாசல்ல எல்லாம் டேப்பும் கையுமா நிக்கணும்.

புது ஸ்டிக்கரை கம் பேப்பரோடயே வச்சு மாஸ்கிங் டேப்பால நாலு இடத்துல பிடிச்சுட்டு, ரெண்டு பக்கமும் டெய்லர் டேப்பால அடி மடிப்புல இருந்து அளந்து, அப்புறம் வண்டிக்கு நேர் முன்னாடி பத்தடி தள்ளி உக்காந்து பாருங்க. பழைய டேங்க்ல பட்டி பூசி நிமிர்த்தியிருப்பாங்க, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்காது, அளவு சரியா இருந்தும் கண்ணுக்கு ஒரு பக்கம் இறங்கின மாதிரி தெரியும். அப்ப நான் கண்ணைத்தான் நம்புவேன். இடது வலது பார்த்துக்கங்க, எழுத்து ஒண்ணா இருந்தாலும் பட்டை எதிரெதிரா வரும்.

இடம் முடிவானதும் ஸ்டிக்கர் நடுவுல மேலருந்து கீழ அகல மாஸ்கிங் டேப் ஒண்ணு கீல் மாதிரி போட்டு, ஒரு பாதியைத் தூக்கி கம் பேப்பரை உரிச்சு வெட்டி எடுத்துட்டு, டேங்க்லயும் கம் பக்கத்துலயும் சோப்புத் தண்ணி தெளிக்கணும். ஒரு லிட்டருக்கு ரெண்டு மூணு சொட்டு குழந்தை ஷாம்பு போதும், நுரை வந்தா அதிகம். நடுவுல இருந்து வெளிய தேய்ச்சுத் தண்ணியைத் தள்ளணும், ஓரத்துல ஆரம்பிச்சு நடுவுக்கு வரக் கூடாது. பழைய ஏடிஎம் கார்டுல மெல்லிசு காட்டன் துணி சுத்திட்டா கீறாது. அந்தப் பாதி முடிஞ்சதும் கீலை எடுத்துட்டு அடுத்த பாதி. எழுத்து இடம் மாறாம பிடிச்சிருக்கறதுக்கு மேல இருக்கற ட்ரான்ஸ்ஃபர் டேப்பை உடனே உரிக்காதீங்க, தண்ணி வத்தி கம் பிடிக்க அரைமணி நேரமாவது விட்டு, செங்குத்தா தூக்காம டேங்க்கோட ஒட்டினாப்ல பின்பக்கமா மடிச்சு இழுங்க. எழுத்து ஏதாவது கூடவே எழும்பி வந்தா அப்படியே திரும்பப் படுக்க வச்சு தேய்ச்சுட்டு இன்னும் கொஞ்சம் காத்திருங்க.

வளைவுல கடைசியா ஹேர் டிரையர். சூடு காட்டி இழுக்கறதுன்னு எல்லாரும் நினைக்கறாங்க, இழுக்கவே கூடாது, சூடு காட்டி அது தானா தளர்ந்ததும் கட்டை விரலால அமுக்கணும். எவ்வளவு இழுக்கறீங்களோ அவ்வளவும் அடுத்த வெயில்ல திரும்ப வரும்.

2024 ஏப்ரல் 28
நேரம் சொல்ல விட்டுட்டேன். காலைல, நிழல்ல. பெரும்பாலான பிலிமுக்கு 10 டிகிரிக்கு மேல, 35ஐ ரொம்பத் தாண்டாமன்னு கணக்கு. நம்ம ஊர் மே மாச வெயில்ல நிக்கற கருப்பு டேங்க் 60ஐத் தாண்டும், தொட்டதும் கம் பிடிச்சுக்கும், நகர்த்தவே முடியாது.

2024 ஏப்ரல் 30
மேல சொன்ன சோப்புத் தண்ணி முறைல ஒரு திருத்தம், முக்கியமானது. கம் பேப்பரை உரிச்சதும் கம் பக்கத்தை வெளிச்சத்துல சாய்ச்சுப் பாருங்க. மெல்லிசா கட்டம் போட்ட மாதிரி கோடுகள் ஓடினா அது காத்து வெளியேற வழி வச்ச பிலிம். அதுக்குத் தண்ணி போடக் கூடாது, அந்தக் கால்வாய்கள்ல தண்ணி மாட்டிட்டா வெளிய வர ரொம்ப நாள் ஆகும், வெயில்ல கொதிச்சு கொப்புளமும் வரும். அதை உலர்வாத்தான் ஒட்டணும். கோடு இல்லாத வழவழ கம்முன்னா தண்ணி முறை. ஏதாவது ஒண்ணுல காத்து மாட்டிட்டா பிளேடு வச்சு கீறாதீங்க, கீறின கோடு வெயில்ல வாய் பிளக்கும். மெல்லிசு ஊசில ஓரமா ஒரு குத்து, விரலால தள்ளினா போதும்.

2024 மே 3
இப்ப கிளியர் விஷயம். இதுக்காகத்தான் கேள்வியே வந்தது.

ஸ்டிக்கர் மேல கிளியர் அடிக்கறது தப்பான வேலை இல்ல. நல்லா பண்ணா விரல் ஓட்டினாலும் ஓரம் தெரியாது, பெட்ரோல் சிந்தினாலும் ஒண்ணும் ஆகாது. ஆனா ஹார்ட்னர் கலக்கற பியூ கிளியர் மட்டும். டூகோவோட வர்ற சாதா லேக்கர் மேல பெட்ரோல் பட்டா மங்கும், இளகும், இப்ப பங்க்ல வர்ற பெட்ரோல்ல எத்தனால் வேற கலந்திருக்கு. மூடி பக்கம் வழியாத டேங்க் எது?

அப்புறம், கீழ டூகோ மேல பியூ கிளியர்னு கலக்காதீங்க, பியூ கிளியர்ல இருக்கற தின்னர் டூகோவைக் கிளப்பி விட்டுடும். அடில இருந்தே ஒரே சிஸ்டம். நான் பண்றது: கலர், அதுக்கு மேல ஒரு கிளியர், நல்லா காஞ்சதும் 1000 நம்பர் வாட்டர் பேப்பர்ல (தண்ணி தொட்டுத் தேய்க்கற உப்புத்தாள்) மங்கலாக்கி, சுத்தம் பண்ணி, ஸ்டிக்கரை உலர்வா ஒட்டறது. தண்ணி வச்சு ஒட்டினா கிளியருக்கு முன்னாடி சில நாள் விடணும். முதல் ரெண்டு கோட்டும் தூசி மாதிரி மெல்லிசா, நடுவுல பத்து பதினஞ்சு நிமிஷம் விட்டு விட்டு. இதுல அவசரப்பட்டு ஒரே அடியா ஈரமா அடிச்சா ஸ்டிக்கர் சுருண்டு சுருக்கம் விழும், அதை யாராலயும் சரி பண்ண முடியாது. மெல்லிசு கோட் பிடிச்சப்புறம் ஈரக் கோட். மறுநாள் ஸ்டிக்கர் ஓரத்து மேட்டை 1000ல தட்டையாக்கி (ஓரத்துல ஜாக்கிரதை, கலரைத் தின்னுடும்) மறுபடி கிளியர். கடைசியா 2000, அதுக்கப்புறம் காம்பவுண்ட். காம்பவுண்டுக்கு இடம் அங்கதான், ஸ்டிக்கருக்கு அப்புறம், கிளியருக்கும் அப்புறம்.

ஹார்ட்னர்ல ஐசோசயனேட்ங்கற ரசாயனம் இருக்கு. கைக்குட்டை கட்டிட்டு அடிக்கற தம்பிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயித்தைக் கலக்கும். அது நுரையீரல்ல ஒரு தடவை ஒவ்வாமை உண்டாக்கிடுச்சுன்னா அப்புறம் கொஞ்சம் பட்டாலே மூச்சுத் திணறும், ஆஸ்துமா வாழ்நாளுக்கும் நிக்கும். வெளிக்காத்து குழாய்ல வர்ற மாஸ்க்தான் முறை. அது இல்லாத கடைல, வீட்டு மாடில எல்லாம் அடிக்காதீங்க, ஸ்பிரே பூத் இருக்கற இடத்துல கொடுங்க. அடில பட்டன் அமுக்கி ஹார்ட்னர் கலக்கற ஸ்பிரே டப்பாவுக்கும் இதேதான்.

2024 மே 4
நேத்து எழுதினதை ராத்திரி திரும்பப் படிச்சேன். தினமும் ஓட்டற வண்டிக்கு கிளியர் வேணுமான்னு யோசிச்சா, வேண்டாம்னுதான் தோணுது. சாவிக்கொத்து கீறும், பெல்ட் பக்கிள் உரசும், டேங்க் கவர் போட்டா அதுக்கடில மண்ணு அரைக்கும். வெறும் ஸ்டிக்கர்னா உரிச்சுட்டு புதுசு ஒட்டலாம், ஒரு காலை வேலை. கிளியருக்குள்ள புதைச்சுட்டா டேங்க் மொத்தமும் திரும்ப அடிக்கணும். ஷோவுக்கு வைக்கற வண்டி, ஞாயித்துக்கிழமை மட்டும் எடுக்கற வண்டின்னா புதைங்க. கேள்வி கேட்டவர் தினமும் ஆபீசுக்கு ஓட்டறேன்னு சொல்லியிருக்கார், அவருக்கு நல்ல காஸ்ட் பிலிம், சுத்தமான பெயிண்ட், அது போதும்.

பிரிண்ட் அடிச்ச ஸ்டிக்கர் வாங்கறவங்களுக்கு ஒண்ணு. சால்வென்ட் இங்க் பிரிண்டை அன்னிக்கே லேமினேட் பண்ணித் தரச் சொல்லி அவசரப்படுத்தாதீங்க, ஒரு நாளாவது காய விடணும். இங்க்ல இருக்கற சால்வென்ட் மாட்டிக்கிட்டு கம்மை இளக்கும், ஓரம் சுருளும்.

2024 மே 9
ஒருத்தர் புல்லட் டேங்க் தங்கக் கோடுக்கு ஸ்டிக்கர் எங்க கிடைக்கும்னு கேட்டிருக்கார். கிடைக்கும், ஆனா தயவு செஞ்சு ஒட்டாதீங்க. அந்தக் கோடு கையால போடறது, ராயல் என்ஃபீல்டு சென்னை பேக்டரில மெல்லிசு நீள முடி பிரஷ்ஷை டேங்க் மேல வச்சு ஒரே மூச்சுல இழுத்துக் கொண்டு போவாங்க, கோடு ஆரம்பிக்கற இடமும் முடியற இடமும் சேர்றது தெரியாது. கிட்டத்துல பார்த்தா கோட்டோட கனம் ஒரு மயிரிழை மாறிக்கிட்டே இருக்கும், அதுதான் அழகு. உங்க ஊர்ல பழைய போர்டு எழுதற ஓவியர் யாராவது இருந்தா அவர்கிட்ட டேங்கைக் கொண்டு போங்க. அவருக்கு வேலையும் கிடைக்கும், உங்களுக்கு நல்ல கோடும் வரும்.

பிஎஸ்ஏ, ட்ரையம்ப் மாதிரி பழைய இங்கிலீஷ் பைக் வச்சிருக்கறவங்களுக்கு வர்ற தண்ணி ட்ரான்ஸ்ஃபர் வேற கதை. பேப்பரைத் தண்ணில ஊற வச்சு வழுக்கி இறக்கறது. வெங்காயத் தோலை விட மெல்லிசு, கிளியர் போடாம விட்டா ஒரு வாட்டர் சர்வீஸ்ல போயிடும்.

2024 மே 12
புது வண்டி சைடு பேனல்ல எதுவுமே ஒட்ட மாட்டேங்குதுன்னு ஒரு கேள்வி. பேனலைக் கழட்டித் திருப்பிப் பாருங்க, உள்பக்கம் சின்னதா ரெண்டு அம்புக்குறிக்கு நடுவுல பிளாஸ்டிக் பேர் அச்சாகியிருக்கும். ஏபிஎஸ்னா கவலையில்ல. பிபின்னா பாலிப்ரொப்பிலின், அது மேல எந்தக் கம்மும் சுலபமா பிடிக்காது, பெயிண்டே தனி ப்ரைமர் இல்லாம நிக்காது. ஓரத்துக்கு மட்டும் த்ரீஎம் 94 ப்ரைமர் (கம் பிடிக்க உதவற திரவம்) மெல்லிசா தடவி ஒட்டினா நிக்கும், ஆனா பெயிண்ட் அடிக்காத, வெளிய தெரியற இடத்துல வழிய விட்டா கறை போகாது.

மோட்டோகிராஸ் வண்டிகள்ல பிளாஸ்டிக் டேங்கே வரும். அதுல பெட்ரோல் ஆவி சுவர் வழியாவே மெல்ல கசியும், அதனாலதான் அதுக்கு வர்ற கிராபிக்ஸ்ல ஊசி ஓட்டை ஓட்டையா இருக்கும். பழுதுன்னு திருப்பிக் கொடுத்துடாதீங்க.

2024 மே 12, ராத்திரி
போலீஸ், பிரஸ், அட்வகேட்னு ஒட்டலாமான்னு கேட்டவருக்கு: சென்னைல 2024 மே 2ல இருந்து போலீஸ் நடவடிக்கை எடுக்க ஆரம்பிச்சாங்க. ஒட்டாதீங்க. நம்பர் பிளேட்லயும் நம்பரைத் தவிர எதுவும் வேண்டாம்.

2024 மே 19
கேள்வி கேட்டவர் பழசை உரிக்கப் போறேன்னு எழுதியிருக்கார். ஹேர் டிரையர் சூடுல ஒரு மூலையைக் கிளப்பி, டேங்க்கோட படிஞ்சாப்ல மெதுவா இழுங்க. அது டூகோ, ஹீட் கன் கிட்டவே வேண்டாம். மிச்சம் நிக்கற கம்முக்கு நீலகிரித் தைலம் அல்லது மண்ணெண்ணெய், அஞ்சு நிமிஷம் ஊறினா உருண்டு வந்துடும், ஆனா ஒரு மூலைல முதல்ல பார்த்துட்டு. அப்புறம் மறக்காம சோப்பு, அப்புறம் ஆல்கஹால். தைலம் மிச்சம் இருந்தா புது ஸ்டிக்கரும் அதே கதிதான். பெயிண்ட் அடிச்சு இப்ப ரெண்டு மாசம் பக்கம் ஆகப் போகுது, இருந்தாலும் அந்தத் தீப்பெட்டி சைஸ் துண்டு பரிசோதனையை விட்டுடாதீங்க, ஸ்டிக்கருக்கு அடில இருந்த இடம் மத்த இடம் மாதிரி காஞ்சிருக்காது.

2024 ஜூன் 2
ஒட்டிட்டார், போட்டோ பார்த்தேன், வால் நல்லா உக்காந்திருக்கு. முதல் ஒரு வாரம் தண்ணி அடிக்கற சர்வீஸ் வேண்டாம், அதுக்கப்புறமும் பிரஷர் கன்னை ஓரத்துக்கு நேரா காட்டாம ஒரு அடிக்கு மேல தள்ளி மேலருந்து அடிக்கச் சொல்லுங்க. பங்க்ல மூடி பக்கம் சிந்தினா அங்கயே துடைச்சுடுங்க, வீட்டுக்கு வந்து பார்த்துக்கலாம்னு விட்டா ஓரத்துல ஊறிடும்.

ஸ்பேர் செட் ஒண்ணு வாங்கி வச்சுக்கட்டுமான்னு கேட்டிருக்கீங்க. வாங்குங்க, ஆனா சுருட்டி பரண்ல போடாதீங்க, அங்க இருக்கற சூட்டுல கம் வீணாகிடும். ரெண்டு அட்டைக்கு நடுவுல தட்டையா வச்சு பீரோல வைங்க, வாங்கின மாசத்தை மேல எழுதி வச்சுக்கங்க, ஒண்ணு ரெண்டு வருஷத்துக்குள்ள பயன்படுத்திடுங்க.